வெண்பாதைகளில் சைக்கிள் சவாரி

இத்தாலி தேசத்தில் பிளாரன்ஸ் நகருக்கும் சியன்னா நகருக்கும் இடையே குன்றுகள் அலையலையாய்க் கிடக்கின்றன. கியாந்தி என்பது அப்பிரதேசத்தின் பெயர். சரிவுகளெங்கும் திராக்ஷைத் தோட்டங்கள். இடையிடையே ஒலிவ மரங்கள். அந்தத் திராக்ஷை எதற்காகும் என்பதை நேயர்கள் அறிவார்கள். நாம் அதை நாடிச் சென்றோமில்லை. பாதைகளை நாடியே சைக்கிள் ஏறினோம்.

இரு நகரங்களையும் இணைக்கும் தார்ச்சாலையில் மோட்டார்களின் தொல்லை உண்டு. காஸ்தெல்லீனாவில் அதைவிட்டுக் கிழக்கே திரும்பி, ராத்தா வழியாகக் கயோலே சேர்ந்தால் சந்தடி குறைந்துவிடும். அதற்கும் தெற்கே, ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுவது சரளைப் பாதை. வெயிலில் அது சுண்ணாம்பு பூசியதுபோல் ஒளிர்கிறது. 'வெண்பாதை' என்றே அவ்வூரார் அழைக்கிறார்கள். பாதி ஏற்றத்தில் நாம் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம் என்பதை மறைப்பானேன்? 1861-ல் காவூருக்குப்பின் ஐக்கிய இத்தாலியின் பிரதம மந்திரியான பெத்தீனோ ரிக்காஸோலியின் கோட்டை அது.

இறக்கமோ இன்னும் கஷ்டம். சரளையில் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கி ஆளைத் தள்ளிவிடும்.

இத்தகைய பாதைகளைத் தார் ஒவ்வொன்றாய் விழுங்கி வந்தது. அவற்றைக் காக்கவென்றே 1997-ல் கயோலேயில் 'எரோயிகா' என்னும் சைக்கிள் விழா தொடங்கிற்று. 1987-க்கு முற்பட்ட பழைய மாதிரிச் சைக்கிள்களே அதில் ஓடும். அக்டோபர் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள்.

நாம் சென்ற பிற்பகலில் எதிர்ப்பட்டது ஒரே ஒரு டிராக்டர்தான். அதன் புழுதி அடங்கும் வரையில் ஓரமாய் நின்றிருந்தோம்.