கட்டிங் ஆர்டர் வரும்வரை மூளைக்கு என்ன ஆகிறது?

விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பு போட்டவருக்குப் பெரிய பணம் வருடத்தில் ஒருமுறைதான் கைக்கு வரும். பயிர் முற்றப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும். முற்றிவிட்டது என்று தெரிந்தாலும் அவராக வெட்டிவிட முடியாது. ஆலையின் அரவைத் திறனைப் பொறுத்து, எந்த வயலை எப்போது வெட்டலாம் என்று ஆலைதான் சொல்லும். அந்தக் கட்டிங் ஆர்டர் பக்கத்து வயல்காரருக்கு ஜனவரியில் வரும். இவருக்கு ஏப்ரல்வரை இழுக்கும். அதுவரை குடும்பம் கடனில் ஓடும், நகை அடகுக்கடையில் இருக்கும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் இந்த வாழ்க்கைமுறையை 2010-இல் நான்கு ஆய்வாளர்கள் மூளை பற்றிய ஒரு கேள்விக்கு விடை தேடப் பயன்படுத்தினார்கள். ஆனந்தி மணி, தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் அவர்கள். 54 கிராமங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சந்தித்துச் சோதனை வைத்தார்கள். ஆள் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. பணநிலை மட்டும் வேறு. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின் அது 4 விழுக்காடு.

சோதனைகள் இரண்டு. ஒன்று, ரேவன் எனப்படும் வடிவப் புதிர். விடுபட்ட கட்டத்துக்குப் பொருந்தும் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று எண்களை வைத்து. ‘5 5 5’ என்று காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். விடை மூன்று, வாயில் முதலில் வருவது ஐந்து. வருவதை அடக்கிச் சரியானதைச் சொல்வதுதான் சோதனை. வடிவப் புதிரில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி, பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது. பின்பு 131 விநாடி. தவறுகளும் குறைந்தன. 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது.

இரண்டாம் முறை எழுதியதால் பழகிப்போய் மதிப்பெண் கூடியிருக்குமோ? அந்தச் சந்தேகத்துக்காகவே 100 விவசாயிகளை ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பிறகு மட்டும் முதல்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் மற்றவர்களின் அறுவடைக்குப் பிந்தைய அளவையே எட்டினார்கள்.

தெரிந்த ஆபத்து, தெரியாத ஆபத்து

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் அவசரத்தை அடக்குவது, கணக்குப் போடுவது, பின்விளைவை எடைபோடுவது ஆகிய வேலைகளைச் செய்கிறது. அதன் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. ஒரே மோட்டாரில் இரண்டு வயலுக்குத் தண்ணீர் திறந்தால் இரண்டிலும் வேகம் குறைவதைப் போல, ‘வட்டி கட்ட என்ன செய்வது’ என்ற யோசனை ஓடிக்கொண்டே இருந்தால் மற்ற முடிவுகளுக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது.

நிச்சயமின்மையிலும் இரண்டு வகை உண்டு. மானாவாரியில் கடலை போடுகிறவர் மழை பொய்க்கலாம் என்று தெரிந்தேதான் விதைக்கிறார். பத்து வருடத்தில் எத்தனை வருடம் கைவிடும் என்று அவருக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. இது அளவு தெரிந்த ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனம் அருகே மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. அது எந்த மனக்கணக்கிலும் இல்லாதது.

அமெரிக்கப் பொருளியலாளர் டேனியல் எல்ஸ்பெர்க் 1961-இல் இந்த வேறுபாட்டை வைத்து ஒரு புதிர் போட்டார். ஒரு குடுவையில் 50 சிவப்பு, 50 கறுப்புப் பந்துகள். இன்னொன்றிலும் 100 பந்துகள்தான், ஆனால் எந்த நிறம் எத்தனை என்று தெரியாது. பந்தயம் கட்டச் சொன்னால் பெரும்பாலானோர் முதல் குடுவையைத்தான் கேட்கிறார்கள். 2005-இல் மிங் ஷு, காலின் கேமரர் குழுவினர் இப்படிப்பட்ட தேர்வுகளைச் செய்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அளவே தெரியாத நிலையில், அபாயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டாலாவும் கண்குழிக்கு மேலுள்ள புறணிப் பகுதியும் கூடுதலாக இயங்கின. வாய்ப்பின் அளவு தெரிந்தபோது, பலனை எதிர்பார்க்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதி கூடுதலாக இயங்கியது.

நிச்சயமின்மை உடம்பையும் விடுவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்அதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றிருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது.

அழுத்தம் நீடித்தால் முடிவெடுக்கும் விதமே மாறுகிறது. கேம்பிரிட்ஜில் தன்னார்வலர்களின் உடலில் கார்ட்டிசால் ஹார்மோனை எட்டு நாள் உயர்த்தி வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மாற்றம் இல்லை. எட்டு நாள் முடிவில் அவர்கள் ரிஸ்க் எடுப்பதைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள். புது ரகம், சொட்டுநீர், பயிர் மாற்றம் என்று எதையும் தொடத் தயங்கும் விவசாயியைப் ‘பழமைவாதி’ என்று முத்திரை குத்தும் முன் இதை நினைவில் வைக்கலாம். பொருளியலாளர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் 1980-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். மகாராஷ்டிர, ஆந்திரக் கிராமங்களில் உண்மையான பணத்தை வைத்து அவர் விளையாட்டு நடத்தினார். ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடு அவர்களின் ரிஸ்க் மனப்பான்மையைப் பெரிதாக மாற்றவில்லை.

சம்பள நாளும் கரும்புப் பணமும்

கரும்பு ஆய்வுக்கு எதிர்ச்சான்றும் உண்டு. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், அறிவுத்திறனில் வேறுபாடு தென்படவில்லை. சம்பளத்துக்கு முன் இருந்தவர்கள், பின்னால் வரும் பெரிய தொகையைவிட உடனே கிடைக்கும் சிறிய தொகையை நாடியது மட்டும் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. சம்பளத் தேதி எல்லாருக்கும் தெரியும். இரண்டு வாரம் ஓட்டினால் போதும். கரும்புக்காரருக்கு வெட்டும் நாளும் நிச்சயமில்லை, பணம் வரும் நாளும் நிச்சயமில்லை. விழுப்புரம் ஆய்வு பற்றாக்குறையையும் நிச்சயமின்மையையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் லண்டன் முடிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேதி தெரியாததற்கும் இதில் பங்கு இருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

கையில் காசில்லாத மாதத்தில் எடுக்கும் கடன் முடிவு தப்பாகப் போனால், ‘விவரம் பத்தாது’ என்று ஊர் பேசும். அதே ஆள் அறுவடை முடிந்ததும் கூடுதல் புதிர்களுக்குச் சரியாக விடை சொல்கிறார் என்பதே அந்தப் பேச்சுக்குப் பதில். எனவே நிலத்தை ஒத்திக்கு விடுவது, பெரிய கடனில் கையெழுத்துப் போடுவது போன்றவற்றை முடிந்தவரை பணம் வந்த பிறகு தீர்மானியுங்கள். தள்ளிப்போட முடியாதென்றால், நெருக்கடியில் இல்லாத ஒருவரிடம் வட்டிக் கணக்கைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பயிர்க் காப்பீட்டுக் கூட்டத்தையும் புது ரகப் பயிற்சியையும் அறுவடைக்குப் பிந்தைய வாரங்களில் வைப்பது வேளாண் துறையால் முடியாத காரியம் அல்ல.

மீதி ஆலைகள் கையில் இருக்கிறது. கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்க்க வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த 14 நாள் கணக்கை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே விவசாயி மனதிலிருந்து ஒரு கேள்வி குறையும். வெட்டும் தேதியை முன்கூட்டியே சொல்லி, சொன்ன தேதியில் நின்றால் இன்னொன்றும் குறையும். இவை இரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.