புழக்கடையில் ஒரு புள்ளூண் கம்பம்

புள்ளலூர் என்னும் பெயரைக் கேட்ட அளவில் வரலாறு கற்றோர்க்குப் போர்களே நினைவிற்கு வரும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்குப் பகைவரை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை இவ்விடத்தே முறியடித்த காட்சி, சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக உள்ளது. தமிழ் கற்றவன் செவியிலோ அப்பெயரின் முன்னிற்கும் 'புள்' என்னும் சொல்லே முதலில் விழும். புள் என்றால் பறவை.

புள்ளிற்கும் திருத்தலங்களுக்கும் உள்ள தொடர்பு அன்பர்கள் அறியாததன்று. காஞ்சிக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியில், இராமபிரான் சடாயுவிற்குத் தம் திருக்கையால் ஈமக்கடன் ஆற்றினார் என்பது தலவரலாறு. சடாயு வழிபட்டமையால் வைத்தீசுவரன் கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்னும் பெயர் வழங்குகின்றது. இல்லறத்தார் நாள்தோறும் செய்தற்குரிய ஐவேள்விகளுள் ஒன்றாகிய பூதவேள்வி, பறவை முதலிய உயிர்களுக்கு உணவிடுதலேயாம். காக்கைக்குப் பிடிசோறு வைத்தபின் உண்ணும் வழக்கம் அதன் எச்சம்.

முற்காலத்தில் இதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. முற்றத்தில் நெல் குற்றுவர். முறத்தினின்று சிதறும் நொய் குருவிகளுக்கு ஆகும். அறுவடைக்குப்பின் முதற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவர். இன்று அரிசி பையில் வருகின்றது. முற்றம் சிமெண்டுத் தளமாயிற்று. ஆதலின் புழக்கடையில் மரக்கம்பம் ஒன்று நட்டு, அதன்மேல் தட்டு அமைத்துப் புள்ளினத்திற்கு உணவிடும் முறையை இங்கு எழுதப் புகுந்தேன்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் முதலில் நட்ட கம்பம் மூன்றடி உயரமே இருந்தது. நிழல் கருதி அதனை மருதாணிச் செடியின் அருகே அமைத்தேன். நான்காம் நாள் காலை அதனடியில் நாகணவாய்ப்புள் ஒன்றின் இறகுகள் சிதறிக் கிடந்தன. செடிக்குள் பதுங்கியிருந்த பூனைக்கு நானே பந்தி விரித்திருக்கின்றேன்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அறம் என்று எண்ணிச் செய்தது அறியாமையால் கொலைக்குத் துணையாயிற்று.

எனவே இடந்தேர்தலே முதன்மையானது. புதர், மதில், தாழ்ந்த கிளை ஆகியவற்றிலிருந்து பத்தடியேனும் விலகி, நாற்புறமும் வெளியாக உள்ள இடம் வேண்டும். கண்ணாடிச் சாளரத்தின் எதிரே வேண்டா. வானத்தின் நிழலை வானென்றே கருதிப் பறவைகள் மோதி வீழும்.

கம்பத்திற்கு எட்டடி நீளமுள்ள மரம் தேவை. இதற்கெனப் பனையையோ வேம்பையோ வெட்டுதல் தகாது. பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்குமிடத்தில் வைரம் பாய்ந்த பனங்கைமரம் கிடைக்கும்; அதற்கு நிகரில்லை. இரண்டடி மண்ணுள் புதையும். அப்பகுதியைத் தீயில் வாட்டியோ தார் பூசியோ இறக்கினால் கறையான் எளிதில் அணுகாது. குழியில் செங்கல் உடைசலும் சரளையும் இட்டுக் கெட்டித்தால் நீர் தேங்காது, கம்பமும் ஆடாது.

தட்டிற்கு ஒன்றரையடிச் சதுர வேப்பம்பலகை போதும். இரு சட்டங்களைக் குறுக்காகப் பொருத்திக் கம்பத்தின் தலையில் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் பலகையைப் பதிக்க வேண்டும். விளிம்பில் ஓரங்குல உயரச் சட்டம் அடித்து, நான்கு மூலைகளிலும் விரல் நுழையும் இடைவெளி விடுக. மழைநீர் அவ்வழியே வடியும். உணவு படும் இடத்தில் வண்ணமோ மெருகெண்ணெயோ பூசலாகாது. தட்டிற்கு ஓரடி கீழே, கவிழ்த்த புனல் போன்ற தகரக் கூம்பொன்றை ஆணியடித்துப் பொருத்துக. பூனை ஏறாமைக்கு இதுவே காவல். அணிலும் ஏறாது, அணிலுக்கு இராமபிரான் அருள் உண்டே என்று உள்ளம் இளகுவோர் அதற்கெனத் தனியிடத்தில் ஒரு பிடி இடலாம்.

குருவிக்கு நொய்யும் தினையும் கம்பும். காக்கைக்கும் நாகணவாய்க்கும் உப்பிடாத வெறுஞ்சோறு. புளியோதரை, எண்ணெய்ப் பண்டம், ஊசிய சோறு, பூசணம் பிடித்த தானியம் ஆகியவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க. நமக்கு ஆகாதது புள்ளிற்கும் ஆகாது. அன்று தீரும் அளவே இடுக. எஞ்சியதை மாலையில் நீக்கி, கிழமைக்கு ஒருமுறை வெந்நீரால் தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். அழுக்குத் தட்டினால் ஒரு பறவையின் நோய் பலவற்றிற்கும் பரவும்.

உணவினும் நீரே சிறந்த கொடை எனக் கோடையில் தோன்றும். இரண்டங்குல ஆழத்திற்கு மேற்படாத மண் தட்டில், நடுவே ஒரு கல்லிட்டு, நாள்தோறும் புதுநீர் வார்க்க. தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

கம்பம் நட்ட அன்றே பறவைகள் வாரா. சில நாள் ஐயுற்று நோக்கும். பெரும்பாலும் காக்கைதான் முதலில் துணியும். வந்ததும் கரைந்து தன் இனத்தை அழைக்கும். திருவள்ளுவர் இக்குணத்தைச் சுற்றந்தழால் அதிகாரத்தில் வைத்தது எத்துணைப் பொருத்தம்! என் இரண்டாம் கம்பத்திற்கு ஒன்பதாம் நாள் காக்கை வந்தது. நாகணவாய் இணையொன்று மேலும் ஒரு திங்கள் கழித்தே தட்டில் இறங்கிற்று. மருதாணிச் செடி இப்போது வேலியோரம் பெயர்த்து நடப்பட்டுள்ளது.