காய்ந்த தீவு, தெளிந்த கடல்

ஸ்கூபா டைவிங் என்றதும் பலருக்கும் படகுதான் நினைவுக்கு வரும். நடுக்கடலுக்குப் போய், படகின் விளிம்பில் உட்கார்ந்து, பின்புறமாகத் தண்ணீரில் விழுவார்கள். படகே இல்லாமலும் இதைச் செய்யலாம். சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். பவளத்திட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நடந்தே கரையேறலாம். படகுக் கூலி மிச்சம், நேரமும் நம் கையில். ஆனால் வெப்பமண்டலத் தீவுகள் எத்தனையோ இருந்தும், இதற்குத் தோதானவை சிலதான். எந்தத் தீவு தோதானது என்று அறிய, கடலுக்கு முன்னால் அதன் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் காற்றுக் கணக்கு. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்று இருக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதனால் 10 மீட்டரில் அந்தக் காற்று பாதி நேரத்துக்குத்தான் வரும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான். பவளத்திட்டு தொலைவில் இருந்தால், போக வர நீந்துவதிலேயே தெம்பும் காற்றும் தீர்ந்துவிடும். எனவே கரையை ஒட்டியே கடல் சரிந்து இறங்க வேண்டும். எரிமலைத் தீவுகளும், கரையைத் தழுவிப் பவளம் வளர்ந்த தீவுகளும் இப்படி அமைகின்றன.

அடுத்து மழை. பசுமையான தீவைச் சுற்றித்தான் அழகான கடல் இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. மழை மிகுந்தால் ஓடைகள் மண்ணை அள்ளிக் கடலில் சேர்க்கும். கலங்கல் நம் கண்ணை மட்டும் மறைப்பதில்லை. பவள உயிரியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலைக் கொண்டு அதற்கு உணவு சமைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். வண்டல் படிந்தால் மூச்சுமுட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒன்றுகூடிய இடம் கரீபியன் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் பொனேர். நெதர்லாந்தின் ஆட்சியில் உள்ள சிறு தீவு. ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவுதான். நம் ராமநாதபுரத்தைவிட வறண்ட மண். கள்ளியும் முள்மரமும் கழுதையும்தான் கண்ணில் படும். தெற்கே உப்பளம். ஆறு என்று ஒன்று இல்லை. காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே வீசுவதால் கீழ்க்கரையில் அலை கொந்தளிக்கும். மேற்குக் கரை குளம்போல் கிடக்கும். அந்த மேற்குக் கரைச் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் முக்குளிக்கும் ஓர் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வாடகை பிக்கப் வண்டியின் பின்னால் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு வந்து, பிடித்த கல்லருகே நிறுத்தி இறங்கிவிடுகிறார்கள். சிறிது தூரம் நீந்தினால் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் தரை மடிந்து சரிகிறது. அந்தச் சரிவு முழுதும் பவளம், கடற்பஞ்சு, கிளிமீன்.

இதை இயற்கை மட்டுமே தந்துவிடவில்லை. ஈட்டியால் மீன் குத்துவதை 1971-லேயே அங்கே தடை செய்தார்கள். 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக்கினார்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது. முக்குளிப்பவர் கையுறைகூட அணியக்கூடாது. கையில் உறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும் அல்லவா? இவ்வளவு காத்தும் 2023-ல் கடும்பவளத் திசுவை அரிக்கும் நோய் அங்கேயும் வந்துவிட்டது. ஒரு மூளைப்பவளம் பெரிதாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நோய் அதை வெள்ளை எலும்பாக்கச் சில வாரங்கள் போதும். கருவிகளைக் கிருமிநாசினியில் அலசிவிட்டு இறங்குங்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டு நடப்பது நம் கடமை.

பாலித் தீவின் வடகிழக்கில் உள்ள துலாம்பென் வேறு விதம். பாலி மொத்தமும் வறண்டதல்ல. நெல் விளையும் பூமி. ஆனால் ஆகுங் எரிமலை மழைக்காற்றை மறிப்பதால் இந்த மூலை காய்ந்து கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைத் தாக்கியது. மூழ்கிவிடாமல் இழுத்துவந்து இந்தக் கரையில் ஏற்றினார்கள். 1963-ல் ஆகுங் வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில் கப்பல் கடலுக்குள் சரிந்தது. இன்று கரையிலிருந்து சில பத்து மீட்டர் தொலைவில், சுமார் 5 முதல் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் இரும்பெல்லாம் பவளம் போர்த்தியிருக்கிறது. கரையில் மணல் இல்லை, கைக்கு அடங்கும் கருங்கூழாங்கற்கள். அலை வந்து போகையில் அவை காலடியில் உருளும். பாரத்தோடு நிற்பது கடினம். அந்தக் கற்களின் மேல் உள்ளூர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் சுமந்து நிதானமாக நடக்கிறார்கள். அவர்களுக்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.

ஹவாயின் பெரிய தீவு ஒன்றே பாடம் சொல்லும். காற்று மோதும் கிழக்கில் ஹிலோ நகருக்கு ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எரிமலைகளின் மறைவில் இருக்கும் மேற்குக் கோனா கரைதான் முக்குளிப்புக்குப் பேர்பெற்றது. அங்கே ஹோனவ்னவ் விரிகுடாவில் எரிமலைக் குழம்பு உறைந்து இரண்டு படிகளாக நிற்கிறது. அதில் உட்கார்ந்து, இரண்டு அலைகளுக்கு நடுவே நழுவிவிட வேண்டும்.

நமக்கு அருகே இருப்பது அந்தமான். அதற்கும் ஆண்டு மழை ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். அடர்ந்த காடு, அலையாத்தி. ஸ்வராஜ் தீவில் ‘நீமோ ரீஃப்’ என்ற ஆழம் குறைந்த இடத்தில் கரையிலிருந்தே இறங்கலாம்; முதன்முதலாகப் பழகுவோருக்கு நல்ல இடம். பேர்பெற்ற மற்ற இடங்களுக்குப் படகுதான். மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை போவது உத்தமம்.

என்னைக் கேட்டால், பழக அந்தமான், பார்க்கத் துலாம்பென், நன்கு கற்றுத் தேர்ந்தபின் துணையோடு நம் விருப்பப்படி இறங்கித் திரியப் பொனேர். எங்கே போனாலும் இறங்குமுன் ஐந்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். கரையேறும் இடத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தினமும் பலமுறை முக்குளித்திருந்தால், கடைசியாகக் கரையேறியபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது விடுங்கள்.