போட்டி வேண்டும், ஒப்பீடு வேண்டாம்!

"உன் தம்பியைப் பாரு, எவ்வளவு கெட்டிக்காரன்!" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம். பிள்ளைகளுக்குப் போட்டி மனப்பான்மை அவசியம்தான், நான் மறுக்கவில்லை. அதை ஊட்டுகிற வழி இதுதானா, சகோதரிகளே?

சென்னைச் சதுரங்க வீராங்கனை வைஷாலியை எடுத்துக்கொள்வோம். முதலில் காய் நகர்த்தியது அவர்தான். அக்காவைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா பலகை முன் உட்கார்ந்தார். தம்பி 2018-ல், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர்! அக்காவுக்கு அந்தப் பட்டம் 2023-ல்தான் கிடைத்தது. நடுவில் ஐந்து வருஷம். 'போதும்டா சாமி' என்று பலகையை மூடிவிடவில்லை அவர். கவனியுங்கள்: பட்டத்துக்கு வேண்டியது சில போட்டிகளில் தேர்ச்சியும் 2500 தரப்புள்ளியும். 'தம்பியை முந்து' என்று அதில் எங்கேயும் இல்லை!

என் பெண்ணும் பையனும் பாட்டு கற்கிறார்கள். பையனுக்குச் சட்டென்று வந்துவிடும், அவளுக்கு நாளாகும். "அவனை மாதிரி எனக்கு வரலையேம்மா" என்று ஒரு நாள் கண் கலங்கினாள்.

"போன மாசம் வராதது, இந்த மாசம் உனக்கு எது வருது? சொல்லு" என்றேன்.

யோசித்தாள். "ஜண்டை வரிசை, மூணாம் காலம்!" முகம் மலர்ந்துவிட்டது. அன்றே அதைக் காலண்டரில் குறித்து வைத்தோம். இப்போது மாதாமாதம் அவளே குறிக்கிறாள். நேற்றைய தன்னோடுதான் போட்டி.

இன்று ராத்திரி உங்கள் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்களேன்!