ஷிப்ட் வேலைக்காரர் வீட்டுக்கு எந்தக் கிளி?

கவரைப்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் ஒரு நண்பர் போன் பண்ணி, "அண்ணே, வீட்டுக்கு ஒரு கிளி வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லா இருக்கும்?" என்று கேட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். அப்பா போன பிறகு, மகன் செகண்ட் ஷிப்ட் போனால் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அம்மா டிவியோடுதான் இருக்கிறார்.

நான் யோசிக்காமல் "காக்டெய்ல் வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். முதல்முறை கிளி வளர்ப்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது அதைத்தான். சாதுவான பறவை, விசில் அடிக்கும், காது கிழியக் கத்தாது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பச்சைக்கிளி விவகாரம். அம்மாவுக்கு வேண்டியது அதுதான். "தம்பி, நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சு. வாசல்ல யார் வந்தாலும் 'யாரு?'ன்னு கேட்கும்" என்றார். பின்னால் இருக்கும் பனையில் கிளி பொந்து வைத்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் ஏறி ஒரு குஞ்சு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். காசு கூட வேண்டாமாம்.

இது நடக்கக் கூடாத விஷயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது பச்சைக்கிளி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-இல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டில் இருந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துக்கொண்டு போனதும், இரண்டரை லட்சம் அபராதம் போட்டதும் பேப்பரில் வந்தது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியின் ஜோசியரையும் பிடித்து, எச்சரித்து அனுப்பினார்கள். "நாங்க பாசமா வளர்க்கிறோம்" என்பது இதில் பதிலே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலக நாடுகள் சேர்ந்து போட்டிருக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கிளி இனங்கள் கிட்டத்தட்ட எல்லாமே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன. விதிவிலக்கு நாலே நாலுதான்: பட்ஜெரிகர், காக்டெய்ல், பீச்-ஃபேஸ்டு லவ் பேர்ட், அப்புறம் நம்ம பச்சைக்கிளி. லண்டனில் பச்சைக்கிளி கூட்டம் கூட்டமாகப் பூங்காவில் சுற்றுகிறது, அந்த ஊரில் வீட்டிலும் வளர்க்கலாம். இங்கே கூடாது, ஏனென்றால் இங்கே அது காட்டுப் பறவை. கிளி தானாகப் பொந்து குடைவதில்லை, ஏற்கெனவே இருக்கிற பொந்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை பனை போய் எத்தனை காம்பவுண்டு சுவர் வந்திருக்கிறது என்று ஜி.என்.டி. ரோட்டில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருக்கிற பொந்தில் கையை விட்டால் ஒரு குஞ்சோடு போகாது, அந்த ஈடே போகும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எங்கப்பா வளர்த்தது தப்பா?" என்று கேட்டார். அப்போது யாருக்கும் தெரியாதும்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

இனி கடையில் கிடைக்கும் வெளிநாட்டுக் கிளிகள். இதிலும் பேர்க் குழப்பம் இருக்கிறது. நம்ம ஊரில் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது உண்மையில் ஆஸ்திரேலியா பட்ஜெரிகர். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்கா பறவை, அதைக் கடையில் 'ஆப்பிரிக்கன்' என்பார்கள். அதிலும் பல ரகம். பீச்-ஃபேஸ்டுக்குப் பதிவு வேண்டாம். ஃபிஷர் போன்ற மற்ற ரகங்கள் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள். கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் தேவையில்ல சார்" என்றால் பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நண்பருக்கு ஆப்பிரிக்கன் கிரே மேல் ஒரு கண். வீடியோ பார்த்திருக்கிறார், நாலு வயசுக் குழந்தை மாதிரி பேசுகிறது. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அம்மாவுக்கு வயசு என்ன? அறுபத்து மூன்று. கிரே நாற்பது, ஐம்பது வருடம் கூட இருக்கும். அம்மா கைப்பழக்கத்தில் வளர்ந்த பறவை, அவருக்கு அப்புறம் யாரிடம் இருக்கும்? நண்பருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வரப்போகிற பெண்ணுக்குப் பறவை பிடிக்குமா? தனியாக விடப்பட்ட கிரே தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். காட்டில் பிடித்த கிரேயின் சர்வதேச வியாபாரத்துக்கு 2017-இலிருந்து தடை இருக்கிறது. இதை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

இரண்டு பேர் வீட்டில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. கிளி ஜோடி சேரும் பறவை. தனியாக ஒன்றை வளர்த்தால் வீட்டில் ஒருவரைத் தன் ஜோடியாக எடுத்துக்கொள்ளும். நாலைந்து பேர் இருக்கிற வீட்டில் அந்தப் பாசம் கொஞ்சம் பரவும். இரண்டு பேர் என்றால் ஒருவர் ஜோடி, மற்றவர் எதிரி. ஆப்பிரிக்கன் லவ் பேர்டிலும் கன்யூரிலும் இதை நன்றாகப் பார்க்கலாம். இந்த வீட்டில் நாள் முழுக்க இருப்பது அம்மா, ஆகவே அம்மாதான் ஜோடி. நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்து அம்மா பக்கத்தில் உட்காரும் மகனுக்கு விரலில் கொத்து விழும். சம்பளம் அவருடையது, கூண்டு அவர் வாங்கியது, அதெல்லாம் கிளிக்குத் தெரியாது.

சத்தமும் ஷிப்டும் சேர்ந்த கணக்கு வேறு. கிளிகள் அதிகம் கத்துவது விடியலிலும் சாயங்காலத்திலும். நைட் ஷிப்ட் ஆள் ஏழு மணிக்கு வந்து படுப்பார், சரியாக அப்போதுதான் கச்சேரி உச்சத்தில் இருக்கும். சன் கன்யூர் பார்க்க மாம்பழம் மாதிரி இருக்கும், ஆனால் அது கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். ஒரே சுவரைப் பங்கு போடும் வாடகை போர்ஷனில் அதை வைத்தால் மூன்றாம் மாசம் வீட்டு ஓனர் வருவார். பறவைக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி இருக்கிற ஹாலில் ராத்திரி பதினொன்று வரை லைட் எரிந்தால் அதுவும் எரிச்சலாகிவிடும்.

இதெல்லாம் பார்த்தால் காக்டெய்ல்தான் சரி என்றே இன்னும் தோன்றியது. அப்போது அம்மா எழுந்து உள்ளே போய் இன்ஹேலர் எடுத்து வந்தார்.

வீசிங். பத்து வருடமாக இருக்கிறதாம். நண்பர் என்னிடம் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. காக்டெய்ல், காக்கட்டூ, கிரே இந்த மூன்றுக்கும் பொடியாக உதிரும் ஒருவகை இறகு உண்டு. காக்டெய்ல் இருக்கும் அறையில் ரெண்டே நாளில் டிவி மேல் வெள்ளைத் தூசி படியும். ஏற்கெனவே சிப்காட் பக்கத்துக் காற்று, ஜன்னல் கட்டையைத் துடைத்தால் துணி கறுப்பாகிறது. அதில் இந்தப் பொடி வேறா? என் முதல் யோசனை அங்கேயே செத்தது. பட்ஜெரிகரிலும் தூசி உண்டு, ஆனால் குறைவு. முப்பது நாற்பது கிராம் பறவை அது. எதை வாங்கினாலும் முதலில் நெஞ்சு டாக்டரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

காற்று விஷயம் மறுபக்கமும் உண்டு. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, கூடவே காற்றுப் பைகள். நாம் ஒரு மூச்சில் எடுப்பதைவிட நன்றாக ஆக்சிஜனை உறிஞ்சும், விஷத்தையும் அப்படியே உறிஞ்சும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிக் குருவியை வைத்திருந்தது இதனால்தான். நம்ம வீட்டில் ஆபத்து அடுப்படியிலேயே இருக்கிறது. நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை சில நிமிஷத்தில் பறவையைக் கொன்றுவிடும், நமக்கு வாசனை கூடத் தெரியாது. கொசுவர்த்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, போகிப் புகை எல்லாமே கணக்கில் வரும். ராத்திரி வெளிக்காற்று நாறுகிறது என்று ஜன்னலைச் சாத்துகிற வீட்டில் உள்ளே இருக்கிற புகைக்குப் போக வழி கிடையாது. இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறிவிடுங்கள் என்றேன். அம்மா சிரித்தார், அவர் வீட்டில் வேறு கல்லே இல்லையாம்.

டாக்டர் கணக்கும் பார்த்தேன். பக்கத்தில் ஆடு மாடு பார்க்கும் கால்நடை மருத்துவர் இருக்கிறார். பறவை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கும், கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து மூர் மார்க்கெட்டில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ. கிளி நோயை மறைக்கும் பிராணி. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

கடைசியில் என் யோசனை இரண்டு ஆண் பட்ஜெரிகர். ஏன் இரண்டு? ஒன்றுக்கொன்று துணை, மனிதர்கள் ஷிப்ட் மாறினாலும் அவற்றின் நாள் மாறாது. யாரும் ஜோடி இல்லை, யாரும் எதிரி இல்லை. ஏன் ஆண்? இரண்டு பெண் என்றால் சண்டை. ஆணும் பெண்ணும் என்றால் ஆறு மாசத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் குஞ்சு கொடுக்க வேண்டிவரும். வளர்ந்த ஆணுக்கு மூக்கு மேல் சதை நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பு. நெற்றியில் மூக்கு வரை வரிவரியாக இருந்தால் இன்னும் நாலு மாசம் ஆகவில்லை என்று அர்த்தம், பழக்க ஏற்ற வயசு. இரண்டாக வைத்தால் பேசப் பழகுவது குறையும், அதை மறைக்கக் கூடாது. பக் என்ற பட்ஜெரிகர் 1,728 வார்த்தை சொன்னதாகக் கின்னஸில் இருக்கிறது. நம்ம ஜோடி ஒரு 'யாரு' சொன்னாலே அதிகம்.

ஆயுசு அஞ்சிலிருந்து பத்து வருடம். இந்த வீட்டுக்கு அது குறை இல்லை, வசதி என்றே நினைக்கிறேன்.

உயரமான வட்டக் கூண்டு வேண்டாம், பறவை பக்கவாட்டில்தான் பறக்கும், அகலம்தான் முக்கியம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. வழவழ குச்சிக்குப் பதில் வேப்பங்கிளையோ கொய்யாக் கிளையோ. தினை மட்டுமே போட்டால் ஈரல் கொழுக்கும், தினமும் கொஞ்சம் முருங்கைக்கீரை, கொத்தமல்லி. அவகாடோ விஷம். பச்சை மிளகாய் தாராளமாகப் போடலாம், காரம் உணரும் அமைப்பு பறவைக்கு வேலை செய்வதில்லை. எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் தூசியில் கிளிக்காய்ச்சல் கிருமி வரலாம். வீசிங் வீட்டில் இந்த வேலை மகனுடையது, எந்த ஷிப்டாக இருந்தாலும்.

டாக்டர் மூன்று மாசம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார், கூண்டு அம்மா படுக்கும் அறையில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. போன வாரம் வாங்கிவிட்டார்கள். கடைக்காரர் வழக்கம்போலக் கூண்டுக்குள் மண்பானையும் கட்டிக் கொடுத்திருக்கிறார். போனில் "அதைக் கழட்டிடுங்க, பானை இருந்தா முட்டை போடற இடம்னு நினைச்சு அடிச்சுக்கும்" என்றேன். இப்போது அந்தப் பானையில் அம்மா தண்ணீர் ஊற்றி மொட்டைமாடியில் வைக்கிறாராம். சாயங்காலம் பனையிலிருந்து இரண்டு பச்சைக்கிளி வந்து கைப்பிடிச் சுவரில் உட்காருகிறதாம், இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை.