மண்ணுக்குள் பரிசு, வானத்தில் இடி!

கம்பெனி விழா என்றால் மாலை, 'மைக்', நீண்ட பிரசங்கம் என்றுதானே நினைப்பீர்கள்? 1954-ல் அமெரிக்காவில், புளோரிடா மாகாணத்துக் கிஸ்ஸிம்மியில், பிரௌனி வைஸ் என்ற பெண்மணி நடத்திய டப்பர்வேர் விழாவில் மண்வெட்டிக்குத்தான் மவுசு! அக்கம்பக்கத்தாரை அழைத்துப் பிளாஸ்டிக் டப்பா விற்ற குடும்பப் பெண்கள், தரையைத் தோண்டிப் புதைத்து வைத்த பரிசுகளை எடுத்துக்கொண்டார்கள். உழைத்தவளை நாலு பேர் முன்னால் பாராட்ட வேண்டும் என்பது அந்த அம்மாளின் கணக்கு. நல்ல கணக்குத்தான்!

1957-ல் விருந்தை ஏரித் தீவில் வைத்தார். இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. திரும்பப் படகுதான் வழி. படகுகள் மோதிச் சிலருக்குக் காயம். கம்பெனி மேல் வழக்கு. அத்தனை பேரைத் தீவுக்கு அழைக்குமுன், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று யோசிக்க வேண்டாமா? முதலாளி டப்பருடன் ஏற்கெனவே மனஸ்தாபம் வேறு. 1958 ஜனவரியில் வேலை போயிற்று. கிடைத்தது ஓராண்டுச் சம்பளம்.