மெதுவாகச் சுழலும் துடிவிண்மீன்

மெதுவாகச் சுழலும் துடிவிண்மீன் என்பது ஒரு சுழற்சிக்குப் பல நொடிகள் எடுத்துக்கொண்டும் வானொலி அலைகளை உமிழும் நொதுமி விண்மீன் (நியூட்ரான் விண்மீன்) ஆகும். பெரும்பாலான துடிவிண்மீன்கள் (பல்சார்கள்) ஒரு சுழற்சியை இரண்டு நொடிகளுக்குள் முடித்துவிடுகின்றன. சுழற்சி மிகவும் மெதுவானால் வானொலி உமிழ்வு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கமான கோட்பாடு. இதற்கு மாறான விண்மீன்கள் கண்டறியப்பட்டதால் அக்கோட்பாடு மறு ஆய்வுக்கு உள்ளானது.

உமிழ்வு உருவாகும் முறை

சென்னையில் பிறந்த வானியலாளர் வெ. இராதாகிருஷ்ணன், குக் என்பவருடன் இணைந்து 1969இல் வேலா துடிவிண்மீனின் அலைமுனைவாக்கத்தை ஆராய்ந்தார். அலைகள் காந்த முனைக்கு அருகிலிருந்து வெளிப்படுகின்றன என்ற கருத்துக்கு இவ்வாய்வு அடித்தளமிட்டது.

சுழலும் காந்தப்புலம் முனையில் மிகப்பெரும் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதனால் முடுக்கப்படும் எலக்ட்ரான்கள், வளைந்த காந்தக் கோடுகள் வழியே விரைந்து காமாக் கதிர்களை உமிழ்கின்றன. வலிய காந்தப்புலத்தில் இக்கதிர்கள் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகளாக மாறுகின்றன. புதிய துகள்களும் இவ்வாறே பெருக, அடர்ந்த பிளாஸ்மா உருவாகிறது. அதில் துகள்கள் கூட்டாக இயங்குவதால் வானொலி அலைகள் தோன்றுகின்றன எனக் கருதப்படுகிறது.

மரணக் கோடு

காந்தப்புலம் மாறாதிருக்கையில், சுழற்சிக் காலம் இருமடங்கானால் முனையின் மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஓர் எல்லைக்குக் கீழே துகள் இணைகள் உருவாகா; வானொலி உமிழ்வும் நிற்கும். இவ்வெல்லையே மரணக் கோடு எனப்படுகிறது.

விதிவிலக்குகள்

பிஎஸ்ஆர் ஜே2144-3933 என்னும் துடிவிண்மீனின் சுழற்சிக் காலம் முதலில் 2.84 நொடி எனக் கணிக்கப்பட்டது. உண்மையில் அது மூன்று மடங்கு, அதாவது 8.51 நொடி என 1999இல் தெரியவந்தது. வழக்கமான கணக்கின்படி அது வானொலி அலைகளை உமிழக்கூடாது. விண்மீனின் பரப்பருகே காந்தப்புலம் மேலும் வலிமையாகவும் கூடுதல் வளைவுடனும் இருந்தால் குறைந்த மின்னழுத்தத்திலும் இணைகள் உருவாக இயலும். இவ்வகை விளக்கத்தை சானுஸ் கில், திபஞ்சன் மித்ரா ஆகியோர் 2001இல் முன்வைத்தனர்.

பின்னர் 23.5 நொடி (2018), 76 நொடி (2022) சுழற்சிக் காலமுடைய துடிவிண்மீன்களும் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 22 நிமிடங்களுக்கு ஒருமுறை துடிக்கும் ஜிபிஎம் ஜே1839-10 பற்றி 2023இல் அறிவிக்கப்பட்டது. இதன் துடிப்புகள் 1988 முதலே பழைய பதிவுகளில் இடம்பெற்றிருந்தன. புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளும் அவற்றுள் அடங்கும். இத்தகைய நீண்ட காலத் துடிப்புடையவற்றுள் சில, நொதுமி விண்மீன்கள் அல்ல, துணை விண்மீனுடன் கூடிய வெண்குறுமீன்கள் என அறியப்பட்டுள்ளது. எனவே, துடிப்பின் கால அளவை மட்டும் கொண்டு ஒரு பொருளை நொதுமி விண்மீன் என முடிவு செய்ய இயலாது.